இடது கட்டைவிரலுக்கு ஒரு பாஸ்

மாப்பிள்ளைக்கு,

கோமதி இன்று உங்கள் வேப்பம்பட்டு வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்தாள். "உன்னுதுதாம்மா, நீயே வச்சிக்கோ" என்றாள். திறந்ததும் தைல வாசனை. உள்ளே அந்த வீடியோ கேம் ரிமோட். கன்ட்ரோலர் என்று திருத்துவீர்கள். இடது குமிழின் ரப்பர் என் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்திருக்கிறது. தைலக் கையோடு தொட்டால் பட்டன் ஒட்டிக்கொள்ளும் என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். நான் கேட்டேனா?

வாதம் வந்து இடது கை துவண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கொழுந்தன் பேசியதை ஓர் எழுத்து விடாமல் வைத்திருக்கிறேன். "அண்ணி இனிமே பொண்ணு ஊட்டோடதான். ஊட்டு சாவிய எங்கிட்ட குடுத்துடு கோமதி." படுத்திருப்பவளுக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்தான் போல. தேர்வாய் கண்டிகைப் பக்கத்து இந்த வீடு, நானும் அவன் அண்ணனும் கல் சுமந்து கட்டியது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். என் துணிமணி எடுத்துவர ஒரே ஒரு முறை அதை உங்களிடம் கொடுத்தேன், அவ்வளவுதான். பெண்ணைக் கொடுத்த வீட்டில் என் உயிர் போகக் கூடாது. என் கதவை நானே திறந்து உள்ளே போக வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பிடித்துப் பிடித்து விடச் சொல்லி டாக்டர் கொடுத்த பந்தை ஜன்னல் வழியாக எறிந்தேன். எங்கள் பக்கம் மாமியார், மாப்பிள்ளைக்கு எதிரில் உட்காருவதில்லை, முகம் பார்த்துப் பேசுவதுமில்லை. சென்னையில் ஏதோ கம்பெனியில் வீடியோ கேம் செய்கிறவர் என்பதற்கு மேல் உங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்ததும், கூடத்து டிவியிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து, நுனியிலிருந்த இந்தக் கன்ட்ரோலரை என் அறை வாசலுக்குள் நீட்டினீர்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள்.

"கோமதி, பாஸை அடிக்கணும். அடிக்கிறாங்களான்னு கேளு."

"எவன்டி பாஸு? அவரு முதலாளியா?"

"ஆட்டம் முடியிற எடத்துல வழிய மறிச்சிக்கினு நிப்பான் அத்தை. அதுவரிக்கும் கத்துக்கினதெல்லாம் வருதான்னு பாப்பான்."

கோமதியைத் தாண்டி நேராக என்னிடமே சொல்லிவிட்டீர்கள்.

கோட்டை வாசலில் பூதம்போல ஒருவன். இடது கட்டைவிரலால் விலக வேண்டும், வலது கையால் வெட்ட வேண்டும். என் விரலோ செத்த மீன். செத்தேன், மறுபடி செத்தேன். "ஏமாத்துறான் மாப்ள!" என்று கத்தினேன்.

"இல்ல அத்தை, அடிக்கிறதுக்கு முன்னாடி தோளை ஏத்துறான் பாருங்க. சொல்லிட்டுத்தான் அடிப்பான். தோத்தா நம்ம தப்புன்னு தோணணும். ஏமாத்திட்டான்னு தோணிச்சின்னா அவன் பாஸ் இல்ல, பேஜாரு."

"என் கொழுந்தன் தோளை ஏத்தலையே?"

அடுத்த ஞாயிறு பூதத்துக்கு மீசை முளைத்திருந்தது. என் கொழுந்தனுடைய அதே முறுக்கு மீசை! அன்று பிடித்தேன் பாருங்கள் கன்ட்ரோலரை, பிறகு விடவேயில்லை. விரலுக்கு வலு ஏற ஏற நீங்கள் அவனுக்கும் வலு ஏற்றினீர்கள். உயிர் பாதி குறைந்ததும் அவன் சிவந்துபோய் இரண்டு பங்கு வேகமாக வந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்களே ஒருவாட்டி ஜெயிச்சிக் குடுங்களேன்" என்றாள் கோமதி. நீங்கள் தொடவில்லை. "அது அவங்க சண்டை. பாதி உசுரு போனப்புறம்தான் அத்தை, ஆட்டமே ஆரம்பிக்குது."

கடைசி அடி ஒன்று வைத்திருந்தீர்களே, அதில்தான் வாரக்கணக்கில் தோற்றேன். இடது கட்டைவிரலால் குமிழை மேலே தள்ளி, விடாமல் பிடித்துக்கொண்டே வலது கையால் மெல்ல அழுத்த வேண்டும். விரல் தளர்ந்தால் போச்சு. ஜெயித்த அன்று நான் போட்ட கூச்சலில், விழுந்துவிட்டேன் என்று நினைத்துக் கரண்டியோடு ஓடிவந்தாள் கோமதி.

அதன் பிறகுதான் என்னை இங்கே அழைத்து வந்தீர்கள். என் கதவின் தாழ்ப்பாளை இடது கட்டைவிரலால் மேலே தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். தூக்கினேன். பிடித்தேன். திருப்பும்போதுதான் உறைத்தது, இது அந்தக் கடைசி அடி. திரும்பிப் பார்த்தேன்.

"துணி எடுக்க வந்தன்னிக்கு இந்தக் கதவு என்னையே ரொம்ப நேரம் நிக்க வச்சிச்சி அத்தை. நல்ல பாஸு" என்றீர்கள்.

"உள்ள வாங்க மாப்ள" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உங்களுக்கு எதிரிலேயே நானும் உட்கார்ந்தேன். தெருவில் போன கொழுந்தன் பார்த்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தேன்.

காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழவில்லை. தோளை ஏற்றாமல் அடித்தது அந்தச் சாவு. அதை நான் பாஸ் என்று சொல்லமாட்டேன், பேஜாரு. கொழுந்தனையாவது என்றைக்காவது மன்னிப்பேன், அதை மாட்டேன்.

இன்று கோமதியிடம் இந்த வீட்டுக்கு இன்னொரு சாவி கொடுத்தேன், நினைத்தபோது வந்துபோகட்டும் என்று. எப்போதும் நான் திறந்துவிட்டே பழகியவள், வெளியே நின்று பூட்டோடு மல்லுக்கட்டினாள். "இத மாத்தித் தொலைம்மா!"

"மாத்த மாட்டேன். கட்டைவிரலால தூக்கு. விடாம புடிச்சிக்கினு திருப்பு."

தோற்றாள். மறுபடி தோற்றாள். பாதி உயிர் போனவள்தானே அவளும். உள்ளேயிருந்து நான் தாழ்ப்பாளை ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் கதவு திறந்திருக்கும்.

நான் தொடவில்லை மாப்பிள்ளை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.