உன் பெயரில் ஏறிய மாலைகள்

இன்று காலை ரவுட்டர் ஆப்பிலிருந்து போன மாதம் வரைக்குமான ஓராண்டு அறிக்கை வந்தது. வீட்டுக்குள் வந்த டேட்டா நீலக் கோடு, வீட்டிலிருந்து வெளியே போன டேட்டா ஆரஞ்சுக் கோடு. நீலம் வழக்கம்போல ஏறி இறங்கிப் போகிறது. ஆரஞ்சு சில மாதங்கள் நல்ல உயரத்தில் போய், ஒரே நாளில் செங்குத்தாக விழுந்து, அப்புறம் தரையோடு தரையாக ஒரு முடிபோலக் கிடக்கிறது. திரையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று கட்டைவிரலால் துடைத்தும் பார்த்தேன்.

விழுந்த நாள் எனக்குத் தெரியும். உன் ஃபோனை நான் தடுத்த நாள் அது. அதற்கு ஆறு வாரம் கழித்து நீ போய்விட்டாய்.

வள்ளூரில் என் அக்கா கட்டிலோடு கிடக்கிறாள். இந்த வீட்டைத் தினமும் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தவன் நீ, அதை நிறுத்தியவன் நான். இனி காட்ட வேண்டுமென்றால் நான்தான் காட்ட வேண்டும். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். யார் எந்த வருடம் என்ன சொன்னார் என்று ஒரு சொல்லும் சிந்தாமல் வைத்திருப்பவன். வேறு யாரிடம் இதைச் சொன்னாலும் அறிவுரை கிடைக்கும். நீ அறிவுரை சொன்னதில்லை, கிண்டல்தான் செய்வாய். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் வீடு கடலைப் பார்த்தது, உன் வீடு அதன் முதுகில் சாய்ந்தது. உங்கள் சந்துக்குள் கம்பி இழுக்க முடியாது என்று இணைப்புக்காரர்கள் சொன்னபோது நீ கவலையே படவில்லை.

"ஒரு டப்பா போதும் மாமு. காத்துல வர்றதுக்கு எதுக்கு ரெண்டு?"

நான் பதினாறு எழுத்தில் பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்து, படித்ததும் கிழித்துவிடு என்றேன். துறைமுகத்தில் நாளெல்லாம் பெட்டி எண்களைச் சரிபார்ப்பவன் நீ. காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாய். "இன்னா மாமு இது, பாஸ்வேர்டா கண்டெய்னர் நம்பரா?" என்றாய். கிழிக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டினாய். பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே என்று நான் கத்தியதற்கு, "மாதா பாத்துக்கும்" என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பின் பட்டியலில் பெயர் தெரியாத கருவி ஒன்று உட்கார்ந்து டேட்டாவைக் குடித்துக்கொண்டிருந்தது. எந்தத் திருடனோ என்று உடனே தடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நீ மாடிச் சுவரின் மேல் முளைத்தாய்.

"என் புது டிவிய திருடன்னுட்டியா மாமு? சீரியல்ல மாமியாரு அப்பதான் கைய ஓங்கிச்சி. நீ கட் பண்ணதும் செலின் எம்மேல ஓங்குது!"

நான் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் சிரிப்பு வருகிறது.

மணலியில் ஓர் ஆலையின் கருவிப் பிரிவில் எனக்கு வேலை. அழுத்தம், வெப்பம், ஓட்டம் என்று முள்ளையும் எண்ணையும் பார்ப்பதுதான் தொழில். வீட்டுக்கு வந்தும் அதையே செய்தேன். யாருடைய கருவி எத்தனை மணிக்கு விழிக்கிறது, வேகம் எங்கே குறைகிறது, மாத வரம்பில் எவ்வளவு மிச்சம். "ஃபேக்டரில மீட்டரு, வூட்லயும் மீட்டரு, செத்தா உன் கல்லறைல ஒரு மீட்டரு வெக்கிறேன்" என்பாய். எனக்கு வேறு என்ன இருந்தது சொல். வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் மாணவனாக இருந்தவன் நான். இரண்டாம் ஆண்டில் அக்கா ஃபோன் செய்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம். "ரெண்டு நாள்தாண்டா தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு, கெளம்பி வா."

கிளம்பி வந்தேன். அப்பா பதினோரு வருடம் இருந்தார்.

ஆறு மாதத்தில் அக்காவுக்கு வள்ளூரில் கல்யாணம் ஆனது. அப்பாவைத் தூக்கவும் துடைக்கவும் ஊட்டவும் நான் நின்றேன். என் இடத்துக்கு வடக்கே வேறு ஒருவன் வந்தான். கடைசியில் அப்பாவின் காரியத்தன்று, பந்தலில் அத்தனை பேர் முன்னால் அக்காவைப் பார்த்துச் சொன்னேன்: "நீ சொன்ன ரெண்டு நாள் இன்னிக்குத்தான் முடிஞ்சிது. இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத." நீ என் தோளைப் பிடித்து இழுத்தாய். உன் கையைத் தட்டிவிட்டேன். அன்றிலிருந்து பத்து வருடம் அவள் படி ஏறவில்லை.

போன வருடம்தான் உன் ஃபோன் விசித்திரமாக நடந்துகொண்டது. தினமும் மாலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை. எல்லார் வீட்டிலும் டேட்டா உள்ளே வரும், உன் ஃபோனிலிருந்து வெளியே போயிற்று. ஏதோ வைரஸ் புகுந்து உன் படங்களையெல்லாம் எங்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பதறினேன். ஃபோனை வாங்கிச் சோதித்தேன். நீ சின்னப் பையன்போலப் பக்கத்தில் நின்று, "உசுருக்கு ஆபத்தில்லையே டாக்டர்?" என்றாய். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் ஐந்து மணிக்குக் கோடு மறுபடி எழுந்தது. அடுத்த நாளும். அலை கரைக்கு வருவதுபோல அவ்வளவு ஒழுங்காக.

அந்த நேரத்து ராயபுரத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு நான் மாடிக்குப் போய் நிற்பேன். மேற்கு வெயிலில் கிரேன்கள் ஒரு பக்கம் மட்டும் பொன்னாக இருக்கும். நங்கூரம் போட்ட கப்பல்கள் தண்ணீரில் நிற்பதாகவே தோன்றாது, மங்கிய வானத்தில் யாரோ தொங்கவிட்டு மறந்ததுபோல இருக்கும். ஈர வலை வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வரும். எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஒலிக்கும், அது முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் காதிலேயே நின்றுவிடும். அங்கே நிற்கும்போது எனக்கு வயதில்லை, யார்மேலும் கோபமில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்.

ஒரு நாள் அப்படி நிற்கும்போது கோடு நினைவுக்கு வந்தது. சத்தம் போடாமல் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்கு வந்து எட்டிப் பார்த்தேன். உன் ஃபோன் இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நின்றது, அதன் கண் என் மாடியைப் பார்த்து. பக்கத்தில் நீ முட்டி மடித்து உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாய். திரையின் மூலையில் தபால்தலை அளவில் ஒரு முகம். நரைத்திருந்தது. ஆனாலும் தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் நீ எழுந்திருக்கக்கூட இல்லை.

"இடுப்பு ஒடைஞ்சி படுத்துகினு கீது மாமு. வூட்ட பாக்கணும்னு கேட்டுச்சி. படி ஏறாதன்னுதான சொன்ன? ஏறலையே."

"எங்கிட்ட கேக்காம எப்பிடிடா?"

"கேட்டா உட்டிருப்பியா?"

நான் கீழே இறங்கினேன். ஆப்பைத் திறந்தேன். உன் பெயரைத் தொட்டேன். "இந்தக் கருவியைத் தடுக்கவா?" என்று கேட்டது. ஆம் என்றேன். மேலே நீ அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த சத்தம் பாதியில் நின்றது. எனக்கு அது இனித்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீ சண்டைக்கு வருவாய் என்று காத்திருந்தேன், பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீயோ மறுநாள் வழக்கம்போல டீ குடிக்க வந்தாய். கால்பந்தைப் பற்றிப் பேசினாய். வியாசர்பாடி மைதானத்தில் நீ மைக் பிடித்து வர்ணனை செய்யும் ஆட்டத்துக்கு என்னை இழுத்தாய், நான் வரவில்லை. ஆறு வாரமும் அப்படித்தான். ஒரு தடவைகூட நெட்டைத் திறந்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் திறந்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். பிறகு ஒரு காலை, துறைமுக வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு இரண்டடி வைத்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டாயாம்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து நான் செய்த முதல் காரியம் எது தெரியுமா? ஆப்பைத் திறந்து தடையை எடுத்தேன். "இந்தக் கருவி இனி இணையலாம்" என்று வந்தது.

போன வாரம் உன் செலின் மீன் குழம்பு கொண்டுவந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணே, நீங்க நெட்ட நிறுத்துனதுல எனக்குக் கோவம் இல்ல. அவருக்கும் இல்ல. ஆனா உங்க அக்கா பாவம், இப்ப உங்களப் பத்தி ஒண்ணும் தெரியாம கெடக்குது."

"தடுத்ததுமே நின்னுபோச்சே செலின்."

"எங்க நின்னிச்சி? செல்லு நெட்டுல போட்டுப் பாத்தாரு. சுத்திகினே இருக்கும், படம் வராது. அப்புறம் சும்மா ஃபோன போட்டுகினு வாயாலயே சொல்லுவாரு. மேட்சுக்குச் சொல்றாப்பல."

செலின் உன் குரலைச் செய்து காட்டினாள். சுவருக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் குந்திக்கொண்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு: "தம்பி மாடியேறிட்டாருக்கா. இன்னிக்கு வெள்ளச் சட்ட. கைல ஒண்ணுமில்ல. டேங்க்குகிட்ட வந்துட்டாரு, தண்ணி கீதான்னு தட்டிப் பாக்கறாரு. இப்போ கடல பாத்து நின்னுட்டாரு. காத்து நல்லா அடிக்கிது. தலைல முடி கொஞ்சம்தான் கீது, அதுவும் பறக்குது."

அந்த ஆறு வாரமும் நான் தினமும் ஆப்பைப் பார்த்தேன். ஆரஞ்சு இல்லை, அடங்கிவிட்டான் என்று திருப்தியாக மூடிவைத்தேன். பத்தடி தூரத்தில், என் முதுகுக்குப் பின்னால், ஒரு எம்பி டேட்டாகூடச் செலவில்லாமல் நான் அவளிடம் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிறன்று வள்ளூருக்குப் போனேன். ரயிலில் அத்திப்பட்டு புதுநகர், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வந்தன. அக்காவின் மகள் வேலைக்குப் போயிருந்தாள், கதவு சும்மா சாத்தியிருந்தது. ஜன்னல் கம்பியில் சாம்பல் மெத்தென்று படிந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அறை தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அசைந்தது. கட்டிலில் அவள். பத்து வருடத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "பாத்துடா, கீழ பக்கெட்டு கீது."

பக்கெட்டைத் தள்ளி வைத்தேன்.

"காபி போட ஆளில்ல. நீயே போட்டுக்க. எனக்கும் சேத்து."

போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். அவள் என்னை விழுங்குவதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மொகமே மறந்துபோச்சிடா. எப்பப் பாரு முதுவுதான். எடது தோளு எறங்கிப்போயிருக்கு உனக்கு, தெரியுமா? அப்பாவத் தூக்கித் தூக்கி."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டாக்டரு ரெண்டு நாளுன்னு சொல்லலடா. பாப்போம்னுதான் சொன்னாரு. நாந்தான் சொன்னேன். அம்மா இல்லாத வூட்ல அவர வெச்சிகினு தனியா பயந்துட்டேன். அப்பிடிச் சொல்லலன்னா நீ லீவு கேட்டு, லெட்டர் போட்டு, ஒரு மாசம் கழிச்சி வருவ."

இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். அது வந்தால் என்ன சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்பதெல்லாம் ரயிலில், ஆலையில், மாடியில் எழுதி வைத்திருந்தேன்.

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா ஏண்டா கேக்கல? கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

அதற்குத்தான் நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். மன்னிக்கவில்லை. அந்தப் பதினோரு வருடம் யார் ஒப்புக்கொண்டாலும் திரும்பாது. ஆனால் "ஏண்டா கேக்கல" என்பது மட்டும் அன்றிலிருந்து என்னோடு வருகிறது. ஆலையில் முள் ஆடும்போது வருகிறது, சோற்றைப் பிசையும்போது வருகிறது. உன்னிடமும் நான் கேட்டதில்லை. ஆறு வாரம் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தவனிடம் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று மாலை செலினிடம் சொல்லிவிட்டு, பழைய ஃபோன் ஒன்றை உங்கள் பக்கத்துச் சுவரில் வைத்தேன். அக்காவை அழைத்தேன். "தெரியுதா?" என்றேன். "ம்" என்றாள். சுவரைச் சுற்றி என் மாடிக்கு வந்து, பழக்கத்தில் கடலைப் பார்த்து நின்றேன். கிரேன்கள் பொன்னாகி, பிறகு சிவந்தன. வெகு நேரம் அப்படியே நின்றிருப்பேன்.

பிறகு திரும்பினேன். மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. ஃபோன் தெரியவில்லை, சுவர் தெரியவில்லை, உன் வீடே தெரியவில்லை, ஒரே வெளிச்சம். கையை வைத்து மறைக்கலாம் என்று தோன்றியது. மறைத்தால் அவளுக்கு முகம் தெரியாது. கண்ணில் நீர் வழிய, வெயில் இறங்கும்வரை அப்படியே நின்றேன்.