கேட்காமல் கொடுத்தது

மார்ச் 3, செவ்வாய்

கல்லூரி லேபில் எமல்ஷன் மறுபடியும் முறிந்தது. எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே, நடுவில் என் மானம். பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரி எட்டிப் பார்த்து, ஒரே பக்கமாக அரைக்க வேண்டும் அக்கா என்றாள். பத்தொன்பது வயது. எனக்கு நாற்பத்தொன்று. பதினான்கு வருஷம் மருந்துக் கடைக் கவுண்டரில் நின்றவளுக்கு அரைக்கச் சொல்லித் தருகிறாள். அவள் சொன்னபடி அரைத்தேன். வந்துவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சல்.

நான்கு மணி வரை கல்லூரி, ஐந்து மணிக்குக் கடை. பார்மசி பட்டம் வாங்கினால் கடைப் பொறுப்பு எனக்கு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு வருஷம் சொச்சம். கால் இரண்டும் இப்போதே ராஜினாமா கொடுத்துவிட்டன.

மார்ச் 5, வியாழன்

இன்றும் தையல்காரர் வந்தார். இரண்டு கடை தள்ளி இருப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன் விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் போய்விட்டது, எரிச்சல் போகவில்லை. ஊருக்கே சட்டை தைக்கிறவர், தன் சட்டை உரசினால் துடிக்கிறார். பாவம்தான். ஆனால் தினமும் ஒரு களிம்பை வாங்கிக்கொண்டு அதே கதையை ஆதியிலிருந்து சொல்ல வேண்டுமா? பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். நாளை செய்முறைத் தேர்வு என்றேன். நல்லா எழுது தாயி என்று சொல்லிவிட்டு மறுபடி விலாவுக்கு வந்துவிட்டார்.

மார்ச் 6, வெள்ளி

ஃபெயில்.

மார்ச் 7, சனி

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

கையில் ஒரு மருந்துச் சீட்டு தருவார்கள், அதன்படி தயாரித்து, மடித்து, லேபிள் ஒட்டிக் கொடுக்க வேண்டும். எட்டு கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் பொடி. ஒரு பொட்டலத்துக்கு ஐந்நூறு மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தப்பு. பெரியவர்கள் அளவு. நான் பாட்டுக்கு நூறாக நிறுத்துப் போட்டுப் பன்னிரண்டு பொட்டலம் மடித்தேன். ஒவ்வொன்றும் அளந்து வெட்டினது மாதிரி. வகுப்பிலேயே முதலில் முடித்தது நான்தான். கண்ணாடிக்காரி இன்னும் சீட்டையே படித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வாளர் எங்கள் மேடம். அரைமார்க்கு என்று பெயர், எதற்கும் அரை மதிப்பெண் குறைப்பதால். நேற்று அரை அல்ல, பதினைந்தையும் குறைத்துவிட்டார். அந்தப் பகுதிக்குச் சைபர். மொத்தம் நாற்பதுக்குப் பதினேழு. இருபது வேண்டும்.

"சரியான அளவுதானே மேடம் போட்டேன்?"

"போட்டீங்க. யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

மேசை ஓரத்தில் ஒயர் இல்லாத பழைய போன் ஒன்று இருந்தது. காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதை எடுத்து, டாக்டரிடம் பேசுவதாகப் பேச வேண்டுமாம். டாக்டர் யார்? இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அரைமார்க்கு. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு! சீட்டில் தப்பு இருந்தால் எழுதியவரைக் கேட்காமல் ஒரு புள்ளியும் மாற்றக் கூடாதாம்.

கண்ணாடிக்காரி அந்தப் போனை எடுத்து அழாத குறையாகப் பேசினாள். பொட்டலம் கோணல்மாணல். பாஸ்.

மார்ச் 8, ஞாயிறு

குழந்தையைக் காப்பாற்றினதற்குச் சைபரா என்று வீட்டுக்காரர் கொதித்தார். ஆறுதலாக இருந்தது. அப்புறம், ஆனா ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்றார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இந்த மேடம் ஒரு நாள் மாலை எங்கள் கடையில் நின்று பார்க்கட்டும். டாக்டர்கள் கையெழுத்து கோழி கிளறின குப்பை. ஒவ்வொன்றுக்கும் போன் போட்டால் வரிசை தெருமுனைக்குப் போகும். டாக்டர் எடுக்கவும் மாட்டார், எடுத்தால் கடிப்பார். கூடினதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டி, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் பதினான்கு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

மார்ச் 11, புதன்

மறுதேர்வு ஏப்ரல் ஆறு. அதிலும் போனால் மூன்றாம் வருஷம் ஏற முடியாது. ஒரு வருஷம் வீணாகும். அதுவரை கடைப் பொறுப்பு எனக்காகக் காத்திருக்காது என்று முதலாளி நாசூக்காகச் சொன்னார். நாசூக்கு என்றால், கணக்குப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்காரரை டாக்டராக்கி ஒத்திகை. ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டார். நான் கேள்வி கேட்குமுன்பே, பேஷண்டுக்கு ஃபியூஸ் போயிருச்சு, மாத்திடுங்க என்கிறார். எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

மார்ச் 21, சனி

மருந்து அளவுப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வைரஸுக்கான மருந்துகள். உதட்டுக் கொப்புளத்துக்கு இருநூறு மில்லிகிராம், தினம் ஐந்து வேளை. அடுத்த வரி: அதே மருந்து, அக்கிக்கு எண்ணூறு. தினம் ஐந்து வேளை.

எண்ணூறு.

அக்கி வந்த புதிதில் தையல்காரர் கொண்டுவந்த சீட்டில் எண்ணூறுதான் இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் முதலாளியிடம் காட்டிச் சிரித்தேன். எண்ணூறாம், அஞ்சு வேளையாம், டாக்டர் தூக்கத்துல எழுதியிருக்கார்னு. இருநூறு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். உதட்டுக் கொப்புளத்துக்கு அதுதான் போகும், எனக்கு அவ்வளவுதான் தெரியும். ஏன் மாத்திரை மாறியிருக்குன்னு அவர் கேக்கல. எப்படிக் கேப்பாரு? என்னை நம்பித்தானே வாங்கினாரு.

யாருக்கும் ஒண்ணும் ஆகலையாம். எழுதி வச்சிருக்கேன், மேலே.

மார்ச் 22, ஞாயிறு

கடைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

மார்ச் 24, செவ்வாய்

அரைமார்க்கிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். அக்கிக்கு அளவு குறைந்தால் வலி தங்கிவிடுமா? உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். முழு அளவு கொடுத்தும் சிலருக்குத் தங்கும். கொடுத்திருந்தால் அந்த முதல் வாரங்களாவது லேசாகப் போயிருக்கும். என் முகத்தைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான்தான் காரணம் என்றாலும் சரி, நான் இல்லை என்றாலும் சரி. இரண்டும் இல்லாமல் இதென்ன பதில்?

மார்ச் 26, வியாழன்

வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம் என்கிறார். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார். ஐந்து நாளாக நானும் இதையேதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து கேட்டதும் அசிங்கமாக இருந்தது.

மார்ச் 28, சனி

சொல்லிவிட்டேன்.

அவர் கடைக்கே போனேன். காலர் தைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். வலி அதனால்தானா என்று தெரியாது, ஆனால் சீட்டில் இருந்ததை நான் கொடுக்கவில்லை என்றேன்.

"ஏன் குடுக்கல?"

"அதிகம்னு நெனச்சேன்."

"நெனச்சே."

திட்டியிருக்கலாம். காலை மிதியில் வைத்தார், மிஷின் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நரம்பு வலிக்கு இப்போது வேறு மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்ல நினைத்திருந்தேன். சந்து முனை வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் வாசலில் நின்று சொன்னேன். தலை நிமிரவில்லை.

மார்ச் 30, திங்கள்

முதலாளியிடமும் சொன்னேன். நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள கடையையே மூடிடுவ என்றார். அன்று சேர்ந்து சிரித்தது அவருக்கு ஞாபகமே இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

மறுதேர்வு. மூட்டுவலி மருந்து, இரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மருந்து, இரண்டும் ஒரே சீட்டில். போனை எடுத்தேன். எதிரே அரைமார்க்கு டாக்டர் குரலில், எனக்கு வைத்தியம் சொல்லித் தர்றீங்களா என்று எரிந்து விழுந்தார். நன்றாகவே நடிக்கிறார். இரண்டையும் சேர்த்தால் இரத்தக்கசிவு வரலாம், நீங்கள் மாற்றி எழுதித் தராமல் கொடுக்க மாட்டேன் என்றேன். மூன்று தரம் சொன்னேன். கடைசியில் என் குரல்தான் உடைந்தது.

நாற்பதுக்கு முப்பத்திரண்டரை.

கண்ணாடிக்காரி கட்டிப்பிடித்துக் குதித்தாள். வீட்டுக்காரர் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். நன்றாக இருந்தது. தையல்காரர் ஒன்பது நாளாகக் கடைக்கு வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

களிம்பு வாங்கத் தெருமுனை மருந்துக் கடைக்குப் போகிறாராம். முதலாளிதான் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

வரிசை வேகமாக நகர்ந்தது. எனக்கு வேண்டியது இதுதானே.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று ஏழு மணிக்கு நல்ல கூட்டம். நிமிர்ந்து பார்த்தால் வரிசையில் ஆறாவது ஆளாகத் தையல்காரர். தன் முறை வரும் வரை பேசாமல் நின்றார். புதுச் சீட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்து, விரலால் என் பக்கம் தள்ளினார். நரம்பு வலி மாத்திரை. அளவு தெளிவாகவே இருந்தது. சரியாகவும் இருந்தது. அதைச் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டே குடு," என்றார். "நான் நிக்கிறேன்."

போன் போட்டேன். லைன் கிடைக்க இருபது நிமிஷம் ஆனது. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர் சட்டையை விலாவில் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.