கிழிசல் துணி

மார்ச் 4
வீட்டில் நானே போட்டுக்கொள்கிற மருந்து ஊசியை நேற்று கையில் போட்டேன். அந்த இடம் சிவந்து வீங்கியிருந்ததை இன்று தையல் கடையில் மாஸ்டர் பார்த்துவிட்டார்.
"என்னம்மா கையில?"
"கொசு, மாஸ்டர்."
"கொசுவா? கழுகு கொத்துன மாதிரியில்ல இருக்கு!"
கடையே சிரித்தது. இனி முழுக்கைச் சட்டைதான். ஊசி தொடையில்தான்.

மார்ச் 13
மறுபடி தொடையில் அதே இடம். அது ஏற்கெனவே தடித்துக் கெட்டுப்போயாச்சு. நல்ல இடத்தை ஏன் கெடுக்க வேண்டும்? கடையில் புதிதாகச் சேர்ந்த நாங்கள் கிழிசல் துணியில்தானே தைத்துப் பழகுகிறோம்.

மே 17
தொடையில் பள்ளம். கட்டைவிரல் அமிழ்கிறது. சுற்றிலும் கல் மாதிரி. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் போகும். அவர் மருந்தை நிறுத்திவிட்டால்? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற நரம்பு நோய் வந்து, இடது கண்ணில் புகை மூடி, கரும்பலகை தெரியாமல்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். புகை விலகி, இப்போது ஊசியில் நூல் கோக்கிறேன். மறுபடி அந்தப் புகையா?

மே 20
பயமா இருக்கு.

மே 23
ஆஸ்பத்திரி. "எல்லாம் சரிதானே?" என்றார் நர்ஸக்கா. தலையாட்டிவிட்டு வாசல்வரை போய்விட்டேன். பிறகு திரும்பினேன் — நானா அது?
"அக்கா, ஒண்ணு காட்டணும்."
திரையை நானே இழுத்துவிட்டேன்.
"அடிப்பாவி! ஒரே எடத்துலயா குத்துன?"
காரணத்தைச் சொன்னேன். சிரித்தார், சட்டென்று நிறுத்திக்கொண்டார். "உன் ஒடம்பு கிழிசல் துணியாடி? எடத்த மாத்திக்கிட்டே இருக்கணும். மருந்த ஃபிரிட்ஜுலருந்து எடுத்ததும் குத்தாத, குளிர் போகட்டும்."
பள்ளம் நிரம்பாதாம். அந்தப் பக்கமே போகக் கூடாதாம். டாக்டரும் வந்து பார்த்தார். மருந்தை நிறுத்தவில்லை! "நீயா வந்து சொன்னியே, அதுவே பெருசு" என்றார்.
என்னையா சொன்னார்?

ஜூன் 2
கை, வயிறு, இடுப்பு, பள்ளமில்லாத தொடை — அளவெடுப்பதுபோல மேலிருந்து கீழாக இடம் மாற்றி வருகிறேன். சிவக்கிறது, அரிக்கிறது, அடங்கிவிடுகிறது. அம்மா கதவோரம் நின்று, "நான் போட்டுவிடட்டாடி?" என்றாள்.
"நீ கண்ண மூடிக்கிட்டுல்ல போடுவ! நானே போட்டுக்கறேன்மா."

ஜூலை 8
அரைக்கைச் சட்டை. நானே வெட்டி, நானே தைத்தது. கடைக்குப் போட்டுக்கொண்டு போனேன். மாஸ்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"என்னம்மா, மறுபடியும் கொசுவா?"
"இல்ல மாஸ்டர். ஊசி. நானே போட்டது."
கடைசி மெஷின்வரை கேட்டிருக்கும். உட்கார்ந்து நூல் கோத்தேன். முதல் தடவையிலேயே உள்ளே போனது.