நாடி நாற்பத்தாறு

மார்ச் 4
காலையில் நாடி நாற்பத்தாறு. மாத்திரை தன் வேலையைச் செய்கிறதா, இதயம் தன் வேலையைச் செய்யவில்லையா? எனக்குத் தெரியவில்லை. பிரஷர் மாத்திரை எழுதும்போதே நாடி கொஞ்சம் குறையும் என்றார்கள். எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் 7
மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏறும்போது பாதியில் கண் இருட்டியது. செல்போனைப் பார்ப்பதுபோல் நின்று சமாளித்தேன். புள்ளியியல் நடத்துகிறவள் ஒரு மயக்கத்தை வைத்து முடிவுக்கு வரலாமா?

மார்ச் 9
இரண்டாவது முறை. குளியலறையில்.

மார்ச் 10
இவர் கண்டுபிடித்துவிட்டார். "சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்குற. கேட்டா ஒண்ணுமில்லைங்குற!" மாத்திரையை நிறுத்திப் பார்க்கட்டுமா என்றேன். "நினைச்சா நிறுத்த அது என்ன ஃபேனா?"
நாளை டாக்டரிடம் கூட வருகிறாராம். மனதுக்குள் இவருக்கு வானொலி என்று பெயர். வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன்.

மார்ச் 11
ஈசிஜி எடுத்தார்கள். "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார் இதய டாக்டர். இல்லை என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என் வழக்கம். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம், அப்படியும் நாடி ஏறாவிட்டால் பேஸ்மேக்கர் பற்றிப் பேசவேண்டிவரும் என்றார்.
பேஸ்மேக்கரா? ஐம்பதுகூட ஆகலையே எனக்கு!
வானொலிக்குப் பொறுக்கவில்லை. "தினம் கண்ணுக்குச் சொட்டு விடுறாளே, அது கணக்குல வராதா டாக்டர்?"
முறைத்தேன். கண்ணில் அழுத்தம் என்று கண் டாக்டர் தந்தது அது. அதை யார் சாப்பிடுகிறார்கள்?
டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சொட்டின் பெயரைக் கேட்டார். "கண்ணுல விட்டா கண்ணோட நிக்காது மேடம், ரத்தத்துக்கும் போகும். இதுவும் உங்க மாத்திரை இனம்தான். ரெண்டும் சேர்ந்து நாடியைப் பிடிச்சு இழுக்குது."
அங்கிருந்தே கண் டாக்டரிடம் பேசினார். சொட்டை மாற்றியாயிற்று. மாத்திரை அப்படியே தொடரும். நானாக நிறுத்தவே கூடாது.

மார்ச் 12
இவர் உறவு முழுக்கச் சொல்லிவிட்டார். நாத்தனார் போனில்: "கண்ணு வழியா இதயத்துக்கா அண்ணி? காதல் கதை மாதிரில்ல இருக்கு!"
சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

மார்ச் 16
ஐம்பத்துநான்கு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். அதேதான்.

மார்ச் 24
நாளை மறுபரிசோதனை. "நான் வரட்டுமா? வாய்க்குப் பூட்டு உண்டா?" என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 25
அறுபது. பேஸ்மேக்கர் பேச்சே எழவில்லை. "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் டாக்டர். இவர் சமர்த்தாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இவரைக் கேளுங்க" என்றேன்.
"படியில இப்பல்லாம் இவதான் முன்னாடி போறா டாக்டர். எனக்குத்தான் மூச்சு வாங்குது."
இவருக்கும் பிரஷர் பார்த்தார்கள். நூற்றெழுபது. சோதனைகளுக்கு எழுதித் தந்தார்.
வீடு வரும்வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.