மூன்றாவது பொத்தானும் இடது காதும்

மார்ச் 4, 2018

பதினோரு நாள் ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை ஏழு நாற்பதுக்கு முடிவெடுத்தேன்: கட்டம் போட்ட சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தைக்கப் போவதில்லை. எதிர்த்தரப்பு வாதங்கள் முழுமையாகக் கேட்கப்பட்டன. குளிர் உள்ளே போகிறது. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் வாசகர்கள் அந்த இடைவெளி வழியே என் பனியனில் உள்ள எழுத்துகளைப் படிக்கிறார்கள். எனக்கு ஐம்பது வயது. எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பொத்தான் விழுந்தது 1990 நவம்பர் 17 அன்று, பாலர்ட் பகுதி மீனவர் சங்கக் கூடத்தில், டாலோ இசைக்குழு வாசித்தபோது. சட்டை ஒரு சாட்சி. சாட்சியைத் திருத்தக் கூடாது.

ரோனியிடம் முடிவை அறிவித்தேன். பதில் இல்லை. மனைவிகளின் மௌனம் சம்மதம்.

மார்ச் 9

அங்காடியில் இதே மாதிரிக் கட்டம் போட்ட சட்டையைக் கிழித்தே விற்கிறார்கள். முழங்கையில் கிழிசல், காலரில் சாயம் போனது, நூற்றெண்பது டாலர். விற்கும் பெண்ணிடம் யார் கிழித்தது என்று கேட்டேன். “தொழிற்சாலையிலேயே கிழிச்சு வருது சார்” என்றாள். எங்கள் சட்டை கிழிய நாங்கள் இரண்டு வருடம் உழைத்தோம்.

மார்ச் 22

வடமேற்கு ஓசை அருங்காட்சியகத்திலிருந்து கடிதம். டாலோ குழுவுக்கு ஒரு நிரந்தர அறை வைக்கிறார்கள். இருந்தபோது நூற்றிருபது பேருக்கு மேல் தெரியாத குழு. கலைந்து கால் நூற்றாண்டு கழித்து இப்போது எல்லோருக்கும் உயிர். அறையில் ஒரு சுவர் முழுக்க, அந்த நவம்பர் இரவு கூடத்தில் இருந்த ரசிகர்களின் பெயர்களைப் பொறிக்கப் போகிறார்களாம். இதுவரை பதிவு செய்தவர்கள் 614 பேர்.

அறுநூற்றுப் பதினான்கு. கூடத்தில் நூற்றிருபது பேருக்கு மேல் நுழைந்தால் நின்றுகொண்டே மூச்சுவிட வேண்டும். பட்டியலில் என் பல் மருத்துவர் இருக்கிறார். அந்த வருடம் அவர் ஒஹையோவில் பல் பிடுங்கப் படித்துக்கொண்டிருந்தார்.

வெட்கமே இல்லையா இவர்களுக்கு?

மார்ச் 23

நாலு பக்கக் கடிதம் அனுப்பினேன். அடிக்குறிப்புகளுடன்.

ஏப்ரல் 3

அறையின் பொறுப்பாளர் டீகன் மல்ராய் நூலகத்துக்கே வந்துவிட்டாள். இருபத்தொன்பது வயது. டாலோ மேடையேறியபோது பிறந்து ஒரு வருடம். டாலோ வாசித்த கிரஞ்ச் என்ற முரட்டு ராக் இசையின் நீடித்த தாக்கம் என்னவென்று ரசிகர்களின் வாயால் பதிவு செய்கிறாளாம். எங்கள் காலத்தில் அதைச் சத்தம் என்போம். அந்தப் பெயரை வெளியூர்க்காரன் வைத்தான் என்று திருத்தினேன். குறித்துக்கொண்டாள்.

“உங்க மேல தாக்கம் என்ன மிஸ்டர் ஹெக்லண்ட்?”

“என்ன?”

மறுபடியும் கேட்டாள். அதுதான் தாக்கம் என்றேன். இருபத்தேழு வருடமாக யார் என்ன சொன்னாலும் நான் “என்ன” என்கிறேன். அந்த ஒலிபெருக்கி முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றவன் காது வேறு எப்படி இருக்கும்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என் வாழ்வின் மிகச் சிறந்த யோசனை. ஆட்கள் பொய் சொல்வார்கள். காது சொல்லாது.

ஏப்ரல் 11

சுவரில் பெயர் வேண்டுமென்றால் செவிப் பரிசோதனை என்ற என் யோசனையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். விதியை எழுதும் பொறுப்பு என்னுடையது. மூன்று வரைவுகள் கிழித்தேன். இறுதி வடிவம்: “விண்ணப்பதாரர் எங்கே நின்றார், யாருடன் வந்தார் என்று கேட்கப்படமாட்டாது. பேரோசையால் கெட்ட செவியே போதுமான, இறுதியான சான்று. கெடாத செவிக்கு மேல்முறையீடு இல்லை.”

நல்ல வாக்கியங்கள். ஒரு ஓட்டையும் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது ரோனிக்குப் படித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இலக்கியம் அவளுக்கு ஒத்துவராது.

ஏப்ரல் 28

நண்பன் ஆர்னி வந்தான். கூரை வேய்கிறவன். அன்று என் பக்கத்தில் நின்றவன். ரோனியைப் பற்றிக் கேட்டான்: அவள் பெயர் சுவரில் வருமா?

எப்படி வரும்? அவளுக்கு அப்போது பத்தொன்பது. கூடத்தில் பீர் விற்றார்கள். இருபத்தொன்று ஆகாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். அந்தப் பொடிசுகள் எல்லாம் பின்சந்தில், சரக்கு இறக்கும் கதவருகே, மழையில் நிற்பார்கள். கச்சேரி முடிந்து நான் காற்றுவாங்க வந்தபோதுதான் அவளைப் பார்த்தேன். தலைமுடி சொட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் எந்தப் பாட்டு நன்றாக இருந்தது என்று கேட்காமல், எது நன்றாக இருந்தது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். ஐந்து வருடம் கழித்துக் கல்யாணம்.

இனிய நினைவுதான். ஆனால் சந்து கூடம் ஆகாது. “மனைவிங்கிறதுக்காகச் சலுகை கொடுத்தா, நாளைக்கு அந்தப் பல் டாக்டரும் வந்து நிப்பான்” என்றேன்.

“டேய், நீ ஒரு பெரிய நீதிபதிடா” என்றான் ஆர்னி. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மே 19

செவிப் பரிசோதனை வண்டி அருங்காட்சியக வாசலில் நின்றது. முதல் ஆளாக நான் உட்கார்ந்து எழுந்தேன். எனக்குப் பின்னால் வரிசை தெருமுனை வரை. கட்டம் போட்ட சட்டை நூற்றுக்கணக்கில். பாதிச் சட்டைகளில் கடை மடிப்பு கூடக் கலையவில்லை. பல் மருத்துவர் உள்ளே போனார், ஆறு நிமிடத்தில் வெளியே வந்தார், யாரையும் பார்க்காமல் காரில் ஏறினார். வாழ்க்கையில் சில நாட்கள்தான் இப்படி அமையும்.

ரோனியும் வந்திருந்தாள். “வந்ததுக்கு நானும் ஒரு தடவை உக்காந்துட்டு வரேன்” என்றாள். சிரித்துக்கொண்டே வழிவிட்டேன்.

முடிவு கடிதத்தில் வரும்.

ஜூன் 2

கடிதம் வந்தது. தவறு நடந்திருக்கிறது.

ஜூன் 4

தவறு இல்லையாம். பரிசோதித்த பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தேன். ஒடெட் என்று பெயர். அமைதியான குரல். ஆத்திரத்தைக் கிளப்பும் அமைதி.

“ரெண்டு காதும் அருமையா இருக்கு சார். உங்க வயசுக்கு இப்படி நான் பாத்ததே இல்ல.”

“அப்ப ஏன் எனக்கு எதுவும் கேக்க மாட்டேங்குது?”

“கேக்குது சார். நான் இப்ப ரொம்ப மெதுவாத்தான் பேசறேன்.”

ஜூன் 7

மேல்முறையீடு செய்தேன். மேல்முறையீடு இல்லை என்று என் வாக்கியத்தையே மேற்கோள் காட்டிப் பதில் வந்தது. ஆறுதலுக்கோ என்னவோ, டீகன் ஒரு புகைப்படமும் இணைத்திருந்தாள். மேடையிலிருந்து யாரோ எடுத்தது. மூன்றாவது வரிசையில் நான். இருபத்திரண்டு வயது, கண் மூடி, வாய் பிளந்து. இரண்டு காதிலும் வெள்ளையாக ஏதோ.

ஆர்னிக்கு அனுப்பினேன். “சிகரெட் பஞ்சுடா. நீதான கேட்ட. திங்கக்கிழமை நூலகத்துல நேர்காணல், காது அடைச்சுக்கும்னு. ஒவ்வொரு கச்சேரிக்கும் ரெண்டு சிகரெட்டைப் பிச்சு உங்கிட்ட குடுத்தே என் காசு போச்சு.”

இருபத்தேழு வருடம் இதை ஏன் இவன் சொல்லவில்லை? துரோகி.

ஜூன் 8

இரவெல்லாம் யோசித்தேன். நான் அங்கே இருந்தேன். இருந்தேன் என்பதற்குப் புகைப்படமே இருக்கிறது. ஆனால் விதி, எங்கே நின்றார் என்று கேட்கப்படமாட்டாது என்கிறது. யார் எழுதிய விதி இது?

ஜூன் 10

ரோனிக்கும் கடிதம் வந்து ஒரு வாரமாக மேசையிலேயே கிடந்திருக்கிறது. இன்று என் முன்னால் வைத்தாள். இடது காதில் பெரும்பகுதி போய்விட்டது. செவி வரைபடத்தில் பேரோசைக்குரிய பள்ளம், சந்தேகமே இல்லை. சான்று போதுமானது, இறுதியானது.

எப்படி என்று கேட்டேன். கூடம் குறுகல், ஒலிபெருக்கிப் பெட்டிகளை எல்லாம் சரக்குக் கதவோடு சேர்த்து அடுக்குவார்களாம். கதவில் ஒரு கையகல இடைவெளி. முதலில் வருகிறவருக்குத்தான் அது. அவள் ஐந்து மணிக்கே போய்விடுவாளாம். இரண்டு வருடம், சனிக்கிழமை தவறாமல், இடது காதை அதில் வைத்து.

மேசையில் நான் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் உட்காருகிறேன். கட்டிலிலும்.

அவள்தான் சொன்னாள்: “அப்போ இத்தனை வருஷமா நான் சொன்னதெல்லாம் உனக்குக் கேட்டிருக்கு.”

என்ன என்று கேட்க வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

“காதுக்குள்ள விசில் மாதிரி சத்தம் வருதுன்னு நாலு தடவை சொன்னேன் லோவல். நாலு தடவையும் என்னன்னு கேட்ட. அப்புறம் விட்டுட்டேன்.”

ஜூன் 11

பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். பொய்யாக இருக்கும் என்றுதான் தேடினேன். 2009 பிப்ரவரி 14, என் கையெழுத்து: “ரோனி காதைப் பற்றி ஏதோ சொன்னாள். என் காதைப் பற்றித்தான் இருக்கும். பாவம், அவளுக்கும் கவலை.”

சே.

ஜூலை 15

அங்காடிச் சட்டையின் விலையை இருநூறாக ஏற்றிவிட்டார்கள். கோபப்பட முயன்றேன்.

அக்டோபர் 20

குளிர். பொத்தானைத் தைத்தேன்.

நவம்பர் 17

சுவரைத் திறந்தார்கள். நாற்பத்தேழு பெயர்கள், பாதிக்கு மேல் சந்தில் நின்றவர்கள். வெரோனிகா ஹெக்லண்ட், பத்தொன்பதாவது. டீகன் ஒலிவாங்கியை நீட்டி அன்று எந்தப் பாட்டு நன்றாக இருந்தது என்று கேட்டாள். ரோனி இருபது நிமிடம் பேசினாள். முழுவதையும் கேட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். நாற்காலியை அவளுக்கு வலப்பக்கம் போட்டிருக்கிறேன்.