பாட்டுக்குள் காத்திருப்பவள்

ஒகிநோமா துறைமுகம்
செப்டம்பர் 19

அன்பு மகள் சிஹோவுக்கு உன் தாய் எழுதுவது. இங்கே கடற்காற்றில் குளிர் ஏறத் தொடங்கிவிட்டது, முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கு மற்றவையெல்லாம் சுகம். தெற்கே நாஹாவில் நீயும் மாப்பிள்ளை மொரியாசுவும் நலமாக இருப்பதையும், சென்ற வாரப் புயல் உங்கள் குடியிருப்பின் கண்ணாடிகளை விட்டுவைத்ததையும் உன் கையெழுத்தில் அறிய விரும்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நம் விடுதியின் தொலைபேசி முன்கூடத்தில் இருக்கிறது, முன்கூடத்தில் இப்போது காலை முதல் மாலை வரை யாரேனும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலும் இக்கடிதத்தோடு மடித்து வைத்திருக்கும் தாளைத் தொலைபேசியில் அனுப்ப இயலாது. அதை நீ முதலிலேயே பிரித்துப் பார்த்திருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் நான் எழுதும் வரிசையிலேயே படித்து வா.

முந்தைய ஆண்டு பனிக்காலத்தில் டோக்கியோவிலிருந்து குசகாபே என்னும் பாடலாசிரியர் நம் விடுதியில் மூன்று நாள் தங்கியதை உனக்கு எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டாம் நாள் மாலை சாப்பாட்டின்போது அவர், "நீங்க பேசுறதே எழுதி வெச்ச மாதிரி இருக்கும்மா" என்றார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நாளிதழ்த் தலையங்கங்களையும் ஒரு பழைய அகராதியையும் துணைகொண்டு மொழி கற்றவளிடம் ஒருவர் அப்படிச் சொன்னால் தலை சற்றுச் சுழலத்தானே செய்யும். பிறகு அவர், "தங்கியிருக்கிறது நான் ஒருத்தன்தான், வாசல் விளக்கு யாருக்காக எரியுது?" என்று கேட்டார். வாசலின் மூன்றாம் படி உடைந்திருந்தது, அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு மீன் வியாபாரி அதில் கால் பிசகி விழுந்திருந்தார், விளக்கு அதற்காகத்தான் எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "போனவர் திரும்பாததற்கு இருள் ஒரு சாக்காகிவிடக் கூடாதல்லவா" என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தி, சாப்பாட்டுக் குச்சிகள் சுற்றி வந்த காகித உறையின் மேல் அதை எழுதிக்கொண்டார்.

சென்ற இலையுதிர்காலத்தில் "ஒகிநோமா விளக்கு" வெளிவந்தபோது இரண்டாவது வரியாக அமைந்திருந்தது என் வாக்கியம்தான். என்கா என்னும் சோகப் பாடல்களில் துறைமுகமும் கண்ணீரும் எத்தனையோ வந்து போயிருக்கின்றன, இருள் ஒரு சாக்கு என்று எவரும் எழுதியதில்லை. சமையலறை வானொலியில் முதன்முறை கேட்டபோது கையிலிருந்த கணவாய் மீனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று கேட்டேன். எனக்கு அந்தப் பாட்டு இனித்தது அன்று ஒருநாள் மட்டுமே.

அதன்பின் பேருந்துகள் வரத் தொடங்கின. செந்தாயிலிருந்தும் மொரியோகாவிலிருந்தும் பெண்கள் வந்து விளக்கின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து, "இன்னும் வரலையாம்மா? விட்டுடாதீங்க" என்று அழுகிறார்கள். உள்ளங்கால் சூட்டுப் பைகளும் இனிப்புப் பெட்டிகளும் கொடுக்கிறார்கள். வசந்தத்தில் படியைச் செப்பனிட்டுவிட்டு விளக்கை அணைத்தேன். வணிகர் சங்கத் தலைவர் ஹதகேயமா, கருவாட்டுக் கடையில் கட்டும் முன்துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்தார். "அக்கா, பஸ் அஞ்சு மணிக்கு வருது. விளக்கு இல்லேன்னா ஜனங்க எதைப் பார்த்து அழுவாங்க?" என்றார். அன்றிலிருந்து அது எரிகிறது. ஒரு குளிர்காலம் நாஹாவில் வந்து தங்குவதாக உன்னிடம் சொல்லிவிட்டு, முழங்காலைக் காரணம் காட்டி வராமல் இருந்தேனே, அது பொய். விடுதியைப் பூட்டக் கூடாது என்று சங்கம் கூடிப் பேசி முடிவெடுத்து, அதைத் தட்டச்சு செய்து என்னிடமே கொடுத்தார்கள். அத்தாளில் இரண்டு பிழைகள் இருந்தன, திருத்திக் கொடுத்தேன். வேறென்ன செய்வது.

மக்கள் மண்டபத்துப் பாட்டு வகுப்பில் மாதம் ஒரு புதுப்பாட்டு கற்பது வழக்கம் என்பது உனக்குத் தெரியும். எட்டு மாதமாக ஒரே பாட்டுதான். ஆசிரியை நருமி என்னை முன்னால் நிறுத்தி, "எல்லாரும் தோமிஎ அக்கா முகத்தைப் பாருங்க, பார்த்துட்டு ரெண்டாவது வரியை இழுங்க. குரல் நடுங்குனாப் போதாது, மனசு நடுங்கணும்" என்கிறார். என் முறை வரும்போது எனக்குச் சுருதி விலகிவிடுகிறது. "பாவம், அழுகை தொண்டையை அடைக்குது" என்று பின்வரிசையில் ஒருத்தி சொல்ல, எல்லோரும் கைக்குட்டையைத் தேடுகிறார்கள். இது போதாதென்று சென்ற மாதம் நம் வாசலுக்கு நேர் எதிரே கருங்கல்லில் பாட்டைச் செதுக்கி நிறுத்திவிட்டார்கள். என் வாக்கியத்தின் கீழே குசகாபேயின் பெயர். கல்லில் ஒரு பொத்தான், அழுத்தினால் மூன்று சரணங்களும் முழுதாக ஒலிக்கும், நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி, இடையில் நிறுத்த வழியில்லை. இதை எழுதும் இந்த முற்பகலில் பதினேழாம் முறையாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இனி உன் தந்தை கென்சாகுவைப் பற்றி. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர் துறைமுகப் பொதுக்குளியலறையில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணோடு அவள் தம்பியின் வண்டியில் ஏறி, மழைச்சட்டையைக்கூட எடுக்காமல் போனார். அந்த வாரமே நான் வாசற்பூட்டை மாற்றினேன், புதுப்பூட்டைக் கடைக்குப் போய் வாங்கி வந்தவள் நீதான். அப்போது உனக்குப் பதினேழு வயது. நான் காத்திருந்தேனா இல்லையா என்பதற்கு உன்னைவிட நம்பத்தக்க சாட்சி இவ்வுலகில் இல்லை. அவர் இப்போது நீகாத்தாவில் ஒரு மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்கிறாராம், தனியாகத்தான் இருக்கிறாராம். உணவு இடைவேளையில் வானொலியில் பாட்டைக் கேட்டுவிட்டுச் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசி, "பாட்டுல வர்ற ஆளு நான்தான். அவ இன்னும் காத்துக்கிட்டிருக்கான்னு தெரியாமப் போச்சு" என்றாராம். இதைச் சொல்ல வந்த ஹதகேயமா, "நல்ல சேதி அக்கா, முதல்ல உட்காருங்க" என்றார். உட்கார்ந்து கேட்டேன். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி கல்லின் திறப்பு விழா. மாலை ஐந்து மணிக்கு உன் தந்தை படகிலிருந்து இறங்கி விளக்கை நோக்கி நடந்து வருவார், நான் படியில் நிற்க வேண்டும், அந்தப் பாட்டைப் பாடிய பாடகி மேடையில் பாடுவார், தொலைக்காட்சியினர் படம்பிடிப்பார்கள். இதற்கென்றே இரண்டாம் பாட்டு ஒன்றும் தயாராகிவிட்டது, ஒத்திகைப் பதிவை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் அதை ஒருமுறை முழுதாகக் கேட்டேன், உன்னால் அது இயலாது. அதன் மூன்றாம் சரணத்தில் அந்தப் பெண் அவரை மன்னித்துவிடுகிறாள். அதுவரை அவர் மன்னிப்பு என்று ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை.

நான் ஹதகேயமாவிடம் படி உடைந்த கதையை உள்ளபடியே சொன்னேன். அவர், "அது நமக்குள்ளயே இருக்கட்டும். கல்லுல செதுக்கியாச்சு அக்கா" என்றார். அவர் கெட்டவர் அல்லர். பாட்டு வந்தபிறகுதான் இத்தெருவில் மூடிக்கிடந்த நான்கு கடைகள் திறந்திருக்கின்றன. அதனால்தான் என்னால் அவரிடம் கோபங்கொள்ள இயலவில்லை, அதனால்தான் மூச்சும் விட இயலவில்லை.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். அது மணவிலக்குப் படிவம் என்பதைக் கண்டிருப்பாய். என் பகுதியைப் புதிதாக நிரப்பி முத்திரையும் பதித்திருக்கிறேன். முன்னர் இருமுறை உன் தந்தைக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை. இம்முறை அவரே நேரில் வருகிறார். ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், இவ்வூரில் ஒருவரும் முன்வரவில்லை. ஹதகேயமா விழா முடியட்டும் என்றார். நருமி, "நான் கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்கு எந்த வாயால அந்தப் பாட்டைச் சொல்லிக் குடுப்பேன்?" என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். ஆகவே நீயும் மாப்பிள்ளையும் சாட்சியாக இருக்க வேண்டுமென்று கேட்கிறேன். நீ அவருடைய மகளும்கூட. கை வரவில்லையென்றால் சாட்சிக் கட்டங்களை வெறுமையாகவே விட்டுத் திருப்பி அனுப்பு, அதற்காக உன்மேல் எனக்கு ஒரு குறையும் இராது. உன்னை விழாவுக்கு அழைக்கும்படி சங்கத்தார் சொன்னார்கள், அழைக்கமாட்டேன் என்றேன். இன்னொரு மூன்றாம் சரணத்துக்கு நீ காரணமாக வேண்டாம்.

தாள் பத்தாம் தேதிக்குள் வந்துவிட்டால் பன்னிரண்டாம் தேதி நான் அவர்கள் சொன்ன இடத்திலேயே, அவர்கள் சொன்ன நேரத்தில் நிற்பேன். மேடையில் ஒரு சொல்லும் பேசமாட்டேன், ஊர்ப் பிழைப்பை ஒலிபெருக்கியில் கெடுக்க எனக்கு மனமில்லை. அவர் படியேறி வந்ததும் தாளையும் பேனாவையும் நீட்டுவேன். படமெடுப்பவர்களுக்கு அது ஏதோ வரவேற்புப் பத்திரம் போலத் தோன்றட்டும். அன்று ஒருநாள்தான் அந்த விளக்கு உண்மையிலேயே அவருக்காக எரியும். கையெழுத்திட வேண்டிய கட்டம் தெரியவில்லை என்று அவர் சொல்ல இருள் ஒரு சாக்காகிவிடக் கூடாது.

காய்ந்த கணவாயும் ஆப்பிளும் தனிப் பொதியாக அனுப்பியிருக்கிறேன், மாப்பிள்ளைக்குத் தோல் சீவிக் கொடு. குளிரூட்டியின் காற்றை நேராக மார்பில் பட விட்டுத் தூங்காதே, உன் இருமல் அதனால்தான் வருகிறது. நீங்கள் இருவரும் நோயின்றி, ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் வீடாக நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். மறவாமல் ஒன்று: அழிக்கக்கூடிய மை உள்ள பேனாவால் எழுதாதே, அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள். முத்திரை இப்போது கட்டாயமில்லை என்கிறார்கள், ஆயினும் பதித்துவிடு. விரைவு அஞ்சலில் அனுப்பு.

இப்படிக்கு உன் தாய்,
கசாய் தோமிஎ
(கசாய் என்று பிறந்த வீட்டுப் பெயரைத் தவறுதலாக எழுதிவிட்டேன் என்று எண்ணாதே. அப்பெயருக்கே திரும்பிச் செல்லவும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.)