பளிங்கில் சரிந்த இமை

அன்பு அப்பாவுக்கு,

சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும்தான். உங்கள் முகத்துக்காக வீட்டில் சண்டை.

நாளை மறுநாள் உங்கள் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு. பூப்போட வைக்கும் படத்தில், சரிந்து கிடக்கும் உங்கள் இடது இமையை அம்மா கடையில் கொடுத்து நேராக்கிவிட்டார். பார்த்ததும் கத்தினேன்: "ஆரம்மா இது? எங்கட அப்பா இல்லை!"

"உனக்கென்ன தெரியும்? உன்ர மெசினைக் கட்டிக்கொண்டு அழு," என்றார்.

அந்த மெசின் நினைவிருக்கிறதா? மல்கிரேவில் நான் வேலைசெய்யும் முப்பரிமாண அச்சு அலுவலகத்திலிருந்து ஸ்கேனரைக் கொண்டுவந்து, குசினிக் கதிரையில் உங்களை இருத்தி முகத்தைப் பதிந்தேன். "அசையாதேங்கோ" என்றதும் உங்களுக்குத் தும்மல் வந்தது. அந்தப் பதிவிலிருந்து உங்கள் தலையை அச்செடுத்து, படத்துக்குப் பதிலாக வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

அம்மாவை மசியவைக்க நீங்கள் சீமாட்டி என்று அழைக்கும் அந்தச் சிற்பியால்தான் முடியும் என்று தோன்றியது. மெல்பேர்ண் கலைக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் என்னை இழுத்துப்போய் நிறுத்தும் அதே அறைக்கு அவரைக் கூட்டிப்போனேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரபு வீட்டுப் பெண். தன் தகப்பனை இரண்டு தரம் செய்திருக்கிறாள். அவர் உயிரோடு இருக்கையில் மாளிகைச் சுவருக்கு ஓவியம்: பட்டு, பதக்கம், நேரான கண்கள். செத்த பிறகு பளிங்குச் சிலை: வெறுங்கழுத்து, தொங்கும் தாடை, ஒரு பக்கம் சரிந்த இமை. உங்கள் இமையேதான்.

"மனுசன் போனாப் பிறகுதான் பெட்டைக்கு உண்மை சொல்லத் துணிவு வந்திருக்கு," என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பீர்கள். பணக்காரியின் பொழுதுபோக்கு என்றார்களாம் அவள் வேலையை. பொழுதுபோக்குக்கு யாராவது அந்த இமை மடிப்புக்குள் அவ்வளவு ஆழமாய் உளி இறக்குவார்களா?

"பாருங்கோம்மா, அவள் மறைக்கேல்லை," என்றேன்.

அம்மா பளிங்கைப் பார்த்தார். பிறகு நடந்துபோய் ஓவியத்தின் முன்னால் நின்றார்.

"நான் கலியாணம் கட்டேக்க கொப்பான்ர கண் நேராத்தான் இருந்தது. ஷெல் துண்டு பட்டது நீ பிறக்க முந்தி. கலியாண அல்பமும் இடம்பெயரேக்க துலைஞ்சு போட்டுது. கடைக்காரனுக்குப் பக்கத்தில இருந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கண்ணைத் திரும்ப எடுப்பிச்சனான். நீ கண்டது அந்தக் கல்லில இருக்கிற மாதிரிச் சரிஞ்ச கண்ணைத்தானே தம்பி?"

அம்மாவும் ஒரு சிற்பியாகத்தான் அந்தக் கடையில் இருந்திருக்கிறார்.

நேரான இரு கண்ணோடு நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் அப்பா? அந்தக் கண்ணால் என்னை ஒருமுறையாவது முறைத்திருக்கக் கூடாதா?

அம்மா கண்ணை நேராக்கிய உங்கள் படத்தைச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டிவிட்டேன். அதன் கீழே மேசையில் நான் அச்செடுத்த தலை இருக்கும். அச்சில் வருவதையெல்லாம் தேய்த்து மழுப்புவதுதான் எங்கள் வேலை வழக்கம். உங்கள் தலையில் சாண்ட் பேப்பர் படாது, சத்தியம். இடது இமை அப்படியே சரிந்திருக்கும். தும்மலுக்குச் சுருங்கிய மூக்கும்தான்.

உங்கட பொறுமையில்லாத மூத்தவன்